வேலையிலிருந்தபடி உயர்கல்வித் தகுதி: குமரி மாவட்டத்தவர் முதலில் பார்க்க வேண்டியவை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்தது. ஐடிஐ, டிப்ளமோ, நர்சிங், கலைக்கல்லூரிப் பட்டம் என ஏதேனும் ஒன்றை முடித்து வேலைக்குச் சேர்வது இங்கே பெரும்பாலான குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சிக்கல் தொடங்குவது அதற்குப் பின்னர்தான். வேலையில் நான்கைந்து ஆண்டுகள் கழிந்து, பதவி உயர்வுக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ இன்னொரு தகுதி வேண்டும் என்ற நிலை வரும்போது, எங்கே சேர்வது, எந்தப் படிப்பு செல்லும், வேலையை விடாமல் படிக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல உறவினர்களும் விளம்பரங்களும் மட்டுமே மிஞ்சுகின்றன.

படிப்பின் பெயர், கட்டணம், வகுப்புக்குப் போக வேண்டிய நாட்கள் ஆகியவற்றைத்தான் எல்லாரும் முதலில் விசாரிக்கிறார்கள். அவற்றுக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ போகும் அலுவலகம் எது என்பதே. இந்த மாவட்டத்தவருக்கு அது கூடுதல் முக்கியத்துவம் உடையது. ஒரே தெருவில் ஒருவர் மகேந்திரகிரி விண்வெளி வளாகத்துக்கோ கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கோ விண்ணப்பிக்கிறார்; இன்னொருவர் திருவனந்தபுரத்தில் தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறார்; மூன்றாமவர் குவைத்திலோ துபாயிலோ இருக்கிறார்; நான்காமவர் தமிழ்நாடு அரசுப் பள்ளியில் ஆசிரியர். நால்வரும் ஒரே பட்டத்தை வாங்கினாலும் அதன் மதிப்பு நான்கு இடங்களில் நான்கு விதமாக அளக்கப்படும்.

அங்கீகாரம் என்பது எத்தனை அடுக்கு

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, அதன் 22ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தாலோ சட்டமன்றத்தாலோ இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை தவிர வேறு எவரும் பட்டம் வழங்க முடியாது. இது முதல் அடுக்கு. இதற்கு மேல், தொழில்சார்ந்த படிப்புகளுக்கு அந்தந்தத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது: பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, செவிலியத்துக்கு இந்திய செவிலியர் மன்றம், சட்டத்துக்கு இந்திய பார் கவுன்சில், ஆசிரியர் பயிற்சிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு. பல்கலைக்கழகம் அசலானதாக இருந்தும், குறிப்பிட்ட படிப்பை நடத்த அதற்கு அனுமதி இல்லாமல் போகலாம். அனுமதி இருந்தும், அந்தப் படிப்பை அஞ்சல்வழியில் நடத்த அனுமதி இல்லாமல் போகலாம். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் போலிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் அல்லர், இந்த இடைவெளியில் விழுந்தவர்களே என்பது என் கருத்து.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் ஒரே நேரத்தில் உலவுகின்றன. 'கரஸ்ஸில் (அஞ்சல்வழியில்) படித்தால் எதற்கும் செல்லாது' என்பது ஒன்று. 'இப்போதெல்லாம் எதையும் கரஸ்ஸில் படிக்கலாம்' என்பது மற்றொன்று. மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், நேரடி வகுப்பில் பெற்ற அதே பட்டத்துக்குச் சமமானது. 2022 செப்டம்பரில் இதை மானியக் குழு மீண்டும் அறிவித்தது. அதே விதிகள் பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, சட்டம், கட்டடக்கலை போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தவே தடை விதிக்கின்றன. வணிகவியல், வரலாறு, தமிழ், ஆங்கிலம், பொது நிர்வாகம் போன்ற பாடங்களுக்குத் திறந்திருக்கும் வழி, கைத்தொழிலும் உயிர்காப்பும் சார்ந்த படிப்புகளுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கல்வி அமர்வுக்கு எந்தப் படிப்பை நடத்தலாம் என்ற பட்டியலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சென்ற ஆண்டு பட்டியலில் இருந்த படிப்பு இந்த ஆண்டு இல்லாமல் போகக்கூடும் என்பதால், சேரப்போகும் அமர்வின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டு முதல், இப்படிச் சேரும் ஒவ்வொருவரும் அந்தப் பிரிவின் தளத்தில் தனி அடையாள எண் பெறுவதும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த எண்ணைப் பற்றி வாய் திறக்காத இடைத்தரகரை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு கடைத்தெரு மாடியில் நடத்தப்படும் 'அட்மிஷன் சென்டர்'கள் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. உரிமம் கொடுத்து வெளியாரை வைத்துப் படிப்பு நடத்துவதை விதிகளே தடுக்கின்றன.

டிப்ளமோவிலிருந்து பொறியியலுக்கு

மாவட்டத்தில் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுவே. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிக் காற்றாலைகளில் பராமரிப்புப் பணியில் இருக்கும் மின்னியல் டிப்ளமோக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேற்பார்வைப் பொறியாளர் பதவிக்குப் பி.இ. வேண்டும் என்கிறது அவருடைய நிறுவனம்.

முதல் வழி, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது. 'லேட்டரல் என்ட்ரி' என்று எல்லாரும் அறிந்த இந்தச் சேர்க்கைக்கு ஆண்டுதோறும் மாநில அளவில் கலந்தாய்வு நடக்கிறது. நாகர்கோவில் கோணத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி உட்பட உள்ளூரிலேயே கல்லூரிகள் இருப்பதால் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் இது முழுநேரப் படிப்பு; மூன்றாண்டு வருமானத்தை இழக்க வேண்டும். திருமணத்துக்கு முன்னும் வீட்டுக்கடன் எடுப்பதற்கு முன்னும் எடுக்க வேண்டிய முடிவு இது.

இரண்டாம் வழி, வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கென்றே நடத்தப்படும் பகுதிநேரப் பி.இ. மாலை வகுப்புகளாக மூன்றரை ஆண்டுகள், அதாவது ஏழு பருவங்கள் நடக்கும் இப்படிப்பு, கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி போன்ற நகரங்களில் சில கல்லூரிகளில் மட்டுமே உண்டு. நம் மாவட்டத்தவருக்கு அருகிலிருப்பது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. ஆரல்வாய்மொழியிலிருந்து தினமும் மாலையில் போய் இரவில் திரும்புவது தூரக் கணக்கில் இயலாத காரியம் அல்ல. இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது: தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள்தாம் காற்றாலைகளுக்கு உற்பத்திக் காலம். அப்போது ஓர் இயந்திரம் நின்றாலும் நள்ளிரவில் ஏறிப் பார்க்க வேண்டும். ஆண்டின் முதல் பருவ வகுப்புகளும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. ஆகவே சேர்வதற்கு முன், பணிமுறையை மாற்றித் தருவதாக நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெறாதவர், வருகைப்பதிவுக் குறைவால் தேர்வு எழுத முடியாமல் நிற்க நேரிடும். படிப்பின் கடினத்தைவிட இதுவே பலரை நடுவழியில் நிறுத்துகிறது.

மூன்றாம் வழி அண்மையில் வந்தது. பணியிலிருப்போருக்கென நெகிழ்வான நேரத்தில் பொறியியல் வகுப்புகளை நடத்தத் தொழில்நுட்பக் கல்விக் குழு கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கத் தொடங்கியிருக்கிறது. பணி அனுபவமும், கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் பணியிடம் இருப்பதும் நிபந்தனைகள். பக்கத்திலுள்ள எந்தக் கல்லூரிக்கு எந்தப் பிரிவில் இந்த அனுமதி இருக்கிறது என்று ஆண்டுதோறும் விசாரித்துக்கொண்டிருப்பது பயனுள்ளது.

இவற்றுக்கு வெளியே யாரேனும் 'வீட்டிலிருந்தே பி.டெக்.' என்று சொன்னால், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நினைவுகூர வேண்டும். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களில், 2001 முதல் 2005 வரையிலான சேர்க்கைகளுக்குரியவற்றை நிறுத்திவைத்து அவர்களைத் தனித்தேர்வு எழுதச் சொன்ன நீதிமன்றம், அதற்குப் பிந்தையவற்றை ரத்து செய்தது. அந்தப் பட்டங்களைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றவர்கள் பாதிக்கப்பட்டார்கள். முந்தைய தலைமுறைக்குக் கைகொடுத்த ஏ.எம்.ஐ.இ. தேர்வின் நிலையும் மாறிவிட்டது. இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் அத்தேர்வுக்கு 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கே பட்டத்துக்கு இணையான அங்கீகாரத்தை மத்திய அரசு உறுதிசெய்தது. ஓய்வுபெற்ற மேலாளர் தன் அனுபவத்தை வைத்து 'நான் ஏ.எம்.ஐ.இ. எழுதித்தான் வந்தேன், நீயும் எழுது' என்று சொல்வது அக்கறையால்தான். ஆனால் இன்றைக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு வேறு வகை. ஜே.இ.இ. தேவையில்லை, அடிப்படைநிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று இடையிடையே நிறுத்திச் சான்று பெற்று விலகலாம். தேர்வுகளை மட்டும் மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். கணினித் துறைக்குள் நுழைய விரும்புவோருக்கு நல்ல படிப்பு. ஆயினும் அது பி.இ. அல்ல என்பதால், 'பி.இ. அல்லது பி.டெக்.' என்று வரையறுக்கும் அறிவிப்புகளுக்கு அது பொருந்தும் என்று தாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

ஐடிஐ முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவர் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பணி அனுபவத்தை மட்டும் சோதித்துச் சில நாட்களில் வழங்கப்படும் திறன் சான்றிதழ்கள் தனியார் வேலைக்கு உதவலாம். அரசு நிறுவன அறிவிப்பில் ஐடிஐ என்று கேட்கப்படும் இடத்தில் அவை பெரும்பாலும் நில்லா.

அரசுப் பணியில் வரிசையே சட்டம்

மாநில அரசுப் பணியைப் பொறுத்தவரை, என்ன படித்தோம் என்பதோடு எந்த வரிசையில் படித்தோம் என்பதும் பார்க்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வராமல், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று 2009ஆம் ஆண்டு அரசாணை கூறுகிறது. முந்திரித் தொழிற்சாலையிலோ கடையிலோ இளவயதில் வேலைக்குப் போய், முப்பது வயதில் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு இது கடுமையான விதி என்றே தோன்றுகிறது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்துவிட்டுப் பட்டத்தில் சேர்வதே பாதுகாப்பான வழி. இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகும் என்றாலும், பட்டம் கையில் இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியாகும் நிலையைத் தவிர்க்கலாம். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமையும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தொடக்கப் பள்ளி முதற்கொண்டு தமிழ்வழியில் படித்தவர்களுக்கே உரியது. கடைசிப் பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் எழுதுவது போதாது.

ஆசிரியர்களிடையே இன்னொரு பொறி இருக்கிறது. முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், கூடவே பி.எட். வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்தவர், எளிதாக இருக்கிறதே என்று தொலைநிலையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தால், அறிவு பெருகும், பதவி உயர்வுக்கான பாதை திறக்காது. ஒரு பட்டம் பெற்றவர் ஓராண்டில் கூடுதலாகப் பெறும் இரண்டாவது பட்டம், அதாவது இரட்டைப் பட்டம், பதவி உயர்வுக்குச் செல்லுமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றதும் ஆசிரியர்கள் நன்கறிந்ததே. மேலும், அரசு ஊழியர் எவரும் உயர்கல்வியில் சேர்வதற்கு முன் துறைத் தலைமையின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு வாங்கும் அனுமதி பணிப்பதிவேட்டில் பதிவு செய்யும்போது கேள்விக்குள்ளாகும். உயர்தகுதிக்கென முன்பு வழங்கப்பட்டுவந்த முன்ஊதிய உயர்வு 2020இல் நிறுத்தப்பட்டு, பின்னர் ஒருமுறை மட்டும் வழங்கும் ஊக்கத்தொகையாக மாறிவிட்டதால், ஊதியக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்துப் படிப்பவர்கள் பழைய கணக்கை மறந்துவிட வேண்டும்.

முனைவர் பட்டத்தில் 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன, பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று கட்டாயம், தொலைநிலையில் முனைவர் பட்டம் கிடையாது, எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. வங்கியில் இருப்போருக்கு இந்திய வங்கி மற்றும் நிதி நிறுவனம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளே நேரடிப் பயன் தருபவை, தொலைநிலை எம்.பி.ஏ.வுக்குச் செலவிடும் முன் அவற்றை முடிப்பது நல்லது.

செவிலியரும் வளைகுடாவும்

மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு உதவி) டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்ற செவிலியர், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடித்தால் பட்டதாரி ஆகிறார், அதன்பின் எம்.எஸ்சி.க்குப் பணி அனுபவமும் கேட்கப்படுகிறது. போஸ்ட் பேசிக் என்பது வகுப்பறையிலும் வார்டிலும் நடக்கும் முழுநேரப் படிப்பு. 'விடுமுறையில் வந்து தேர்வு மட்டும் எழுதினால் போதும்' என்று வளைகுடாவிலிருக்கும் செவிலியர்களிடம் ஆசை காட்டும் கல்லூரிகள் உண்டு. அதன் விளைவு எங்கே தெரியும் என்றால், வேலை கொடுக்கும் நாட்டின் சரிபார்ப்பில்தான். வளைகுடா நாடுகளின் சுகாதார அமைப்புகள் விண்ணப்பதாரர் கொடுக்கும் நகலை நம்புவதில்லை. டேட்டாஃபுளோ போன்ற நிறுவனங்கள் மூலம் கல்லூரி, பல்கலைக்கழகம், செவிலியர் மன்றம், முன்னாள் மருத்துவமனை என மூலத்திடமே எழுதிக் கேட்கின்றன. ஒருவர் 2019 முதல் 2021 வரை ரியாத்தில் பணியாற்றியதாக அனுபவச் சான்று தந்து, அதே ஆண்டுகளில் இங்கே முழுநேரமாகப் படித்ததாகப் பட்டச்சான்றும் தந்தால், இரண்டில் ஒன்று பொய் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய விசாரணை தேவையில்லை. அப்படி ஒருமுறை எதிர்மறை அறிக்கை பதிவானால் அடுத்த நாட்டின் விண்ணப்பத்தையும் அது பாதிக்கும்.

பட்டத்துக்குச் செல்ல முடியாதவர்களுக்கு, தீவிர சிகிச்சை, அறுவை அரங்கம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு போன்ற பிரிவுகளில் ஓராண்டு சிறப்பு டிப்ளமோக்களை இந்திய செவிலியர் மன்றம் அங்கீகரித்திருக்கிறது. மருத்துவமனைப் பணியோடு இணைந்த இப்படிப்புகளை நம்மவர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. திருவனந்தபுரத்தில் பணியாற்ற விரும்பும் தமிழ்நாட்டுச் செவிலியர், தமிழ்நாட்டு மன்றத்தின் தடையின்மைச் சான்றுடன் கேரள மன்றத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். நாகர்கோவில் பார்வதிபுரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான் என்றாலும் அது வேறு மாநிலம்.

பொறியாளர்களுக்கும் வளைகுடாவில் ஓர் அனுபவம் உண்டு. 2018இல் குவைத் அரசு, பொறியாளர் பணி அனுமதியைப் புதுப்பிக்கக் குவைத் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அச்சங்கமோ, இந்தியப் பட்டங்களில் தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளையே ஏற்றது. பல ஆண்டுகளாக அங்கே பொறியாளராக இருந்த பலர், தாம் படித்த ஆண்டில் தம் கல்லூரியின் தம் பிரிவுக்கு அந்த அங்கீகாரம் இல்லாததால் வேறு பதவிப்பெயருக்கு மாற வேண்டியதாயிற்று. கல்லூரிக்குப் பொதுவாக வழங்கப்படும் நாக் தரச்சான்று வேறு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் வழங்கப்படும் என்.பி.ஏ. அங்கீகாரம் வேறு. வெளிநாடு செல்லும் எண்ணம் சிறிதும் இருந்தால், சேர்க்கையின்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

கடலில் கழித்த ஆண்டுகள்

தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்களுடைய கடலறிவுக்கு நிகரானது எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஆனால் வணிகக் கப்பலில் அதிகாரியாக வேண்டுமென்றால் அந்த அனுபவம் கணக்கில் வராது. பன்னாட்டு விதிகள் கேட்பது, வணிகக் கப்பலில் பதிவுபெற்ற கடற்பணிக் காலம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி, தகுதித் தேர்வு ஆகிய மூன்றையும். மீன்பிடி கலங்களுக்கென்று தனியே ஸ்கிப்பர் (கலத்தலைவர்), மேட் (துணைத்தலைவர்), எஞ்சின் டிரைவர் தகுதிச் சான்றுகள் இருக்கின்றன. 1963இல் கொச்சியில் தொடங்கப்பட்டு, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் கொண்ட மத்திய மீன்வள நிறுவனமான சிஃப்நெட் நடத்தும் ஈராண்டுப் படிப்புகள் அவற்றுக்கு வழிவிடுகின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். வணிகக் கப்பலில் கடைநிலைப் பணியில் சேர்ந்து மேலே வர நினைப்பவர்கள், ஒவ்வொரு கப்பலிலும் ஏறிய நாளும் இறங்கிய நாளும் சி.டி.சி. எனும் கடற்பணிப் பதிவுப் புத்தகத்தில் முறையாகப் பதிவாகிறதா என்று கண்காணிக்க வேண்டும்.

சேர்வதற்கு முன்னும் பின்னும்

வேலைக்கான அறிவிப்பையோ பதவி உயர்வு விதியையோ எழுத்தில் பெற்று, அதில் கேட்கப்படும் படிப்பின் பெயரையும் முறையையும் அப்படியே குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. பிறகு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியுடன் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகள் கழித்து எவரேனும் கேட்டால் அதுவே சான்று. தொலைநிலைப் படிப்புக்குக் கட்டும் பணத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ரசீது வர வேண்டும். படிப்பு முடிந்ததும் தற்காலிகச் சான்றோடு நின்றுவிடாமல், பட்டச்சான்றையும் ஒவ்வொரு பருவ மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்ட நகலையும் வாங்கிவிட வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு உண்மைத்தன்மைக் கடிதம் கேட்கப்படும்போது, நேரடி வகுப்பா, தொலைநிலையா, எந்த ஊரில் படித்தார் என்ற விவரமும் அதில் எதிர்பார்க்கப்படலாம். ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா போன்ற ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்கு, ஆவணத்தை அங்கே ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகத்துக்கும் குவைத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தோடு தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் மாவட்டத்தவர் படும் பாடு தனி. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பட்டச்சான்றில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். சிலருக்கு ஞானஸ்நானப் பெயர் ஓர் ஆவணத்திலும் வீட்டுப்பெயர் இன்னோர் ஆவணத்திலும் ஏறியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மாறினாலும் வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனம் கோப்பை நிறுத்திவைக்கும். புதிய படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில், பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் திருத்தமோ தமிழ்நாடு அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்போ செய்து முடித்தபின், அந்தப் பெயரிலேயே சேர்வது நல்லது. பட்டம் அச்சான பிறகு திருத்துவதற்கு ஆகும் மாதங்களில் விசாவின் காலம் முடிந்துபோகக்கூடும்.